ஏழாயிரத்து நூற்றெண்பது

மிக்ஸியைப் போடுவதற்கு முன்னால் சாருமதி ஒரு குரல் கொடுப்பாள்.

"மாமா, சட்னி அரைக்கப் போறேன்."

கூடத்தில் அவள் கணவன் மிதுன் காபி டம்ளரைக் கீழே வைப்பான். நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, இடது கையை இடது தொடைக்கு அடியில் செருகிக்கொள்வான். பிறகு, "ம், போடு" என்பான்.

மிக்ஸி முதலில் உறுமும். தேங்காய் மசிய மசியச் சுருதி ஏறும். ஒரு இடத்துக்கு வந்ததும் அவனுடைய இடது கை தொடைக்கு அடியிலிருந்து பிய்த்துக்கொண்டு வெடுக்கென்று பின்னால் இழுக்கும். கூடவே இடது கால் தரையை ஓங்கி உதைக்கும். வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் அவனைக் கரண்ட் அடித்துவிட்டதோ என்று பதறுவார்கள்.

"மூணாவது போட்டாச்சு" என்று மிதுன் சிரிப்பான். "இன்னும் பத்து நிமிஷம் அரைச்சீன்னா பொள்ளாச்சி போய்ச் சேர்ந்தரலாம் அம்மிணி."

ஆரம்பத்தில் அவளும் சேர்ந்து சிரித்தவள்தான். மகள் நேயாவின் புருவத்தில் மூன்று தையல் போட்ட நாளிலிருந்து சிரிப்பதில்லை.

சாலையில் பெட்ரோல் வண்டி ஓடி இருபது வருடமாகிவிட்டது. இப்போது ஓடுகிற வண்டிகளுக்கு கியர் கிடையாது, ஓட்டுகிறவர்களும் பெரும்பாலும் கிடையாது. அதனாலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் கோயமுத்தூருக்கு வெளியே அந்த நானூறு மீட்டர் நேர்ப்பாதையின் இரண்டு பக்கமும் முப்பதாயிரம் பேர் கூடினார்கள். பழைய இஞ்சினின் கத்தலைக் கேட்க, அதைவிட முக்கியமாக, ஒரு மனிதன் தன் கையால் கியர் மாற்றுவதைப் பார்க்க. பந்தயத்துக்கு ஒரே ஒரு விதிதான் உயிர்: கியரை மனிதக் கைதான் மாற்ற வேண்டும், வண்டியிலோ உடம்பிலோ அதற்கு உதவும் கருவி எதுவும் இருக்கக் கூடாது. கிளம்புவதற்கு முன் ஓட்டுநர்கள் வரிசையாகச் சட்டையைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள். பரிசோதகர் ஒவ்வொரு கையையும் தோளிலிருந்து விரல் நுனி வரை தடவிப் பார்த்து அனுப்புவார். மிதுனின் கை ஒவ்வொரு முறையும் வெறுங்கையாகத்தான் இருந்தது.

அந்தக் கைக்குள் என்ன இருந்தது என்பது சாருமதிக்குத் தெரியும். அதை எழுதியவள் அவள்.

அவள் அந்த அணியின் கணக்கு இன்ஜினியர். எந்த கியரை எந்தச் சுற்றில் விட்டு அடுத்ததைப் பிடித்தால் வண்டி அதிவேகமாக ஏறும் என்று கண்டுபிடிப்பது அவளுடைய வேலை. கல்யாணமான புதிதில், தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மிதுனுக்கு அதை விளக்கியது இன்னமும் நினைவிருக்கிறது.

"பவர் உச்சிக்கு வந்ததும் மாத்திடறீங்க மாமா. அங்கதான் தப்புப் பண்றீங்க."

"உச்சிக்கு வந்த பொறகு எறக்கந்தானே? அப்பறம் எதுக்கு அதையே புடிச்சுத் தொங்கறது?"

"எறங்குனா என்னங்க? மூணாவதுக்குப் போனதும் இஞ்சின் சுத்து விழுந்துருதில்ல? விழுந்த எடத்துல அது எவ்வளவு இழுக்குதுன்னு பாக்கோணும். எறங்கிட்டு இருக்கற ரெண்டாவது, அதையும் விட ஜாஸ்தியா இழுத்துச்சுன்னா அதுலயே இருக்கறதுதான் லாபம்."

"இஞ்சின் கத்துமே?"

"கத்தட்டும்."

கரண்டியின் காம்பால் தோசை மாவில் இரண்டு கோடுகள் போட்டுக் காட்டினாள். ஒன்று மேலிருந்து இறங்கி வந்தது. மற்றது கீழே கிட்டத்தட்டப் படுத்துக் கிடந்தது. "இது ரெண்டாவதோட இழுப்பு. இது மூணாவது. ரெண்டும் எங்க வெட்டிக்குதோ அங்க மாத்தோணும். முன்னாடியும் கூடாது, பின்னாடியும் கூடாது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. அந்தப் புள்ளியில ரெண்டாவது கியர் ஓஞ்சு போயிருக்காது. இன்னும் நல்லா இழுத்துக்கிட்டுத்தான் இருக்கும். இருந்தாலும் விட்டுறோணும்."

"பாவமுங்க அது" என்றான் மிதுன். அவளை வம்புக்கு இழுக்கும்போது மட்டும் 'ங்க' போடுவான்.

"கியருக்கு என்ன பாவம்?"

இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு அவள் கண்டுபிடித்த புள்ளி, நிமிடத்துக்கு ஏழாயிரத்து நூற்றெண்பது சுற்று. எண் சரி. ஆனால் எண்ணைத் தெரிந்துகொண்டு என்ன செய்ய? காது கேட்டு, மூளை முடிவு செய்து, கை அசைவதற்குள் கால் நொடி போய்விடும். கால் நொடியில் இஞ்சின் அறுநூறு சுற்று தாண்டிவிடும். முன்கூட்டி ஊகித்தால் ஒரு நாள் சீக்கிரமாகும், ஒரு நாள் தாமதமாகும்.

அப்போதுதான் அணித்தலைவர் பத்ரிநாத் ஓட்டுநர்களைப் பழக்கும் அந்தப் பயிற்சி இருக்கையை வரவழைத்தார். உலகத்திலேயே நான்குதான் இருந்தன. உட்கார்ந்தால் அதே அதிர்வு, அதே சத்தம், அதே பெட்ரோல் வாசனை. முன்கையிலும் கெண்டைக்காலிலும் ஒரு பட்டை கட்டுவார்கள். இஞ்சின் ஓசை அந்தப் புள்ளியைத் தொட்ட கணத்தில் பட்டை சுருக்கென்று ஒரு மின்சாரத்தைச் செலுத்தும். கை இழுக்கும், கால் உதைக்கும். மூளையைக் கேட்பதில்லை. ஆறு மாதம், நாற்பதாயிரம் முறை. அதன் பிறகு பட்டையே வேண்டாம். ஓசை ஏறினால் கை தானே போகும்.

"விதிப்படி மனுசக் கைதானே மாத்துது?" என்றார் பத்ரிநாத். "கைக்கு யார் உத்தரவு போடறாங்கன்னு விதியில எங்கயும் இல்லையேம்மா."

அவளும் அதைக் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தாள். இருக்கையில் அந்த எண்ணை அவள்தான் ஏற்றினாள். கணவனின் முன்கையில் முதல் தடவை பட்டையை இறுக்கியதும் அவள்தான். அப்போது அவள் வயிற்றில் நேயா மூன்று மாதம்.

"சீசன் முடிஞ்சதும் இருக்கை சும்மாதானே கெடக்கும். அப்ப உக்கார வெச்சு எல்லாத்தையும் அழிச்சிடலாம்" என்று பத்ரிநாத் சொல்லியிருந்தார். பட்டையைத் திருப்பிப் போட்டால், ஓசை ஏறும்போது கையை அசையவிடாமல் பிடித்துவைக்கும். நாற்பதாயிரம் முறை அசையாமல் இருந்த கை, பழையபடி ஒரு சாதாரணக் கையாகிவிடும்.

மிதுன் வரிசையாக ஒன்பது பந்தயம் ஜெயித்தான்.

குழந்தையின் அழுகை இஞ்சினின் அந்தச் சுருதிக்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே வந்து நிற்கும் என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. நேயாவுக்கு ஆறு மாதம் இருக்கும்போது ஒரு காலை நேரம். இடது தோளில் அவளைச் சாய்த்துக்கொண்டு ஜன்னலில் அணில் காட்டிக்கொண்டிருந்தான் மிதுன். அணில் ஓடிவிட்டது. அவள் சிணுங்கினாள், அழுதாள், வீறிட்டாள். கை வெடுக்கென்று இழுத்தது. சோபாவின் விளிம்பு புருவத்தைக் கிழித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு அவன் குழந்தையைத் தூக்கவில்லை. வலது கையால்கூடத் தூக்கவில்லை. அருகில் உட்கார்ந்து விளையாட்டுக் காட்டுவான். அவள் வீறிட்டால் இடது கை காற்றில் இழுக்கும், கால் தரையில் டமாலென்று உதைக்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து அவள் இன்னும் வீறிடுவாள். கை மறுபடி இழுக்கும். சாருமதி ஓடி வந்து ஒருவரை அறைக்குத் தூக்கிப்போவாள், அல்லது மற்றவரை வெளியே அனுப்புவாள்.

இந்த நிலையில்தான் செப்டம்பரில், பத்தாவது பந்தயத்தையும் ஜெயித்த வாரத்தில், அணி மிதுனை நிறுத்தியது. அவனுக்குப் பதிலாக ஜெஸ்வின் என்ற இருபது வயது நாகர்கோவில் பையன் ஓட்டினான். ஏன் என்று காரணம் சொல்லவில்லை. மிதுனும் கேட்கவில்லை. "போச்சாது, போகட்டும். இருக்கையில உக்காந்து கையச் சரி பண்ணிக்கறேன். எனக்கு அது போதும்" என்றான்.

இரண்டு மாதமாகியும் கூப்பிடவில்லை. சாருமதி பத்ரிநாத்தைப் பார்க்கப் போனாள். குழந்தை பிறந்ததிலிருந்து வீட்டிலிருந்தே கணக்குகளைப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்ததால், அந்தக் கட்டடத்துக்குள் போய் வெகுநாளாகியிருந்தது. பயிற்சி அறையைத் தாண்டும்போது கண்ணாடி வழியாக இருக்கை தெரிந்தது. அதில் யாரோ ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வயதுதான் இருக்கும். பின்னலை இருக்கைக்கு வெளியே தொங்கவிட்டிருந்தாள். கை இழுத்துக்கொண்டிருந்தது. இழுத்தது, நின்றது, இழுத்தது.

"வாம்மா சாரு. பாப்பா எப்படி இருக்கா?"

"சார், இருக்கை எப்ப சார் கெடைக்கும்? சீசன் முடிஞ்சதும்னு சொன்னீங்க. முடிஞ்சுருச்சே."

"சீசன் முடிஞ்சிருச்சு. இருக்கை காலியாகலையே."

"அதான் ஜெஸ்வின் பழகி முடிச்சிட்டானே சார்."

"அவன் முடிச்சான். அடுத்த ஆள் உக்காந்தாச்சு."

"அவனே இப்பத்தான் வந்திருக்கான். அதுக்குள்ள எதுக்கு அடுத்த ஆளு?"

பத்ரிநாத் அவளை வியப்போடு பார்த்தார். நடிப்பாகத் தெரியவில்லை. "என்னம்மா இப்படிக் கேக்கற? இடைவெளி இருக்கக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்ததே நீதானே?"

"நானா?"

அவர் மேசைத் திரையைத் திருப்பினார். இரண்டு கோடுகள். ஒன்று மேலிருந்து இறங்கியது. ஒன்று கீழிருந்து மெல்ல ஏறியது. அவற்றுக்கு 'அ', 'ஆ' என்று மட்டும் பெயர். அடியில் வாரங்கள். வெட்டும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்தில் அவளுடைய எழுத்து.

அவளுக்கு ஞாபகம் வந்தது. மார்ச் மாதம். நேயாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையால் போட்ட கணக்கு. அவர்கள் தொழிலில் கோடுகள் பெயரில்லாமல்தான் வரும். எந்த அணியின் இஞ்சின், எந்த வண்டி என்று கேட்பது ஒழுங்கீனம். போட்டி அணிகள்கூட அவளிடம் கோடுகளை அனுப்புவதற்குக் காரணமே, அவள் கேட்கமாட்டாள் என்பதுதான். அன்றும் கேட்கவில்லை. அடியில் சுற்றுக்குப் பதிலாக வாரம் இருந்ததை, ஏதோ டயர் தேய்மானமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். பத்து நிமிடத்தில் விடை கிடைத்தது. வேலை சுத்தமாக முடிந்ததில் ஒரு சின்னச் சந்தோஷம்கூட இருந்தது.

இப்போது தன் எழுத்தைத் தானே படித்தாள்.

'முப்பத்தேழாவது வாரம். அந்தப் புள்ளியில் அ இன்னும் நன்றாகவே இழுத்துக்கொண்டிருக்கும். ஆனாலும் காத்திருப்பதில் லாபமில்லை. மாற்றும்போது இடைவெளி விடக் கூடாது. ஆ முழுதும் பிடித்த பிறகே அ-வை விட வேண்டும். அதற்கு அடுத்ததையும் முன்பே தயாராக வைத்திருப்பது நல்லது.'

முப்பத்தேழாவது வாரம் என்றால் செப்டம்பர்.

"இது..." என்றாள். "'அ' யாரு சார்?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார் பத்ரிநாத். "அவ்வளவு தெளிவா எழுதியிருந்தியே. ரொம்ப நேர்மையான பொண்ணுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன். சொந்தப் புருஷன்னு பாக்காம எழுதியிருக்கான்னு."

தெரிந்திருந்தால் என்ன எழுதியிருப்பாள்? முப்பத்தேழை நாற்பது என்று எழுதியிருப்பாளா? அதுவும் தெரியவில்லை. கோடு கோடுதான், வெட்டுகிற இடம் வெட்டுகிற இடம்தான் என்று இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருந்தவள். 'அ' யார் என்று தெரியாமல் போனது அவளைச் சுடவில்லை. யாராக இருந்தாலும் பரவாயில்லை என்று அன்று இருந்ததுதான் சுட்டது. எங்கோ இன்னொரு வீட்டின் 'அ' என்றால், இந்நேரம் அந்தக் கணக்கை மறந்தே போயிருப்பாள்.

"மிதுனோட கையை அழிக்கணும்னா ஆறு மாசம் இருக்கையை ஒதுக்கணும்" என்றார் பத்ரிநாத். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "ஆறு மாசம் அடுத்த ஆள் தயாராகமாட்டான். இடைவெளி விழும். மாத்தற நேரத்துல வண்டி இழுக்காது, சும்மா உருளும்னு நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தே."

"அவரு புள்ளையத் தூக்கறதில்லீங்க சார்."

"கேள்விப்பட்டேன். கஷ்டமாத்தான் இருக்கு." திரையில் விரலை வைத்து அடுத்த பக்கத்தைத் தள்ளினார். "வந்ததுதான் வந்தே. இதையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடேன்."

மறுபடி இரண்டு கோடுகள். இறங்குவது ஒன்று, ஏறுவது ஒன்று. பெயரில்லை. ஆனால் இப்போது பெயர் தேவைப்படவில்லை. இறங்குவது நாகர்கோவில் பையன். ஏறுவது பின்னலைத் தொங்கவிட்ட பெண்.

பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் அவள் கண் போய் நின்றுவிட்டது. பதினெட்டாவது வாரத்துக்கும் பத்தொன்பதாவது வாரத்துக்கும் நடுவில். பதினெட்டுக்குச் சற்று அருகில்.

தலையைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய பிறகும் எண் உள்ளே இருந்தது.

"பதினெட்டா?" என்றார் பத்ரிநாத். அவர் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவள் பதில் சொல்லாமல் எழுந்து வந்தாள். பதில் சொல்லாததும் ஒரு பதிலாகிவிட்டது என்பது படியிறங்கும்போதுதான் உறைத்தது. கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் கை இழுத்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம் ஆறு மணி. மிதுன் வாசலிலேயே நின்றிருந்தான். முகம் பளிச்சென்று இருந்தது. பந்தயம் ஜெயித்துவிட்டு வரும்போதுகூட அவன் முகம் அப்படி இருந்ததில்லை.

"என்ன சொன்னாரு? இருக்கை இல்லேன்னுட்டாரா?"

"ஆமாங்க மாமா." மேலே சொல்ல வாயெடுத்தாள். முப்பத்தேழு என்று தொடங்காமல் குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

"போகட்டும் உடு. இருக்கையே வேண்டாம். வா, இங்க வந்து ஒண்ணு பாரு." அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனான். "நாலு நாளா எனக்கு ஒரு சந்தேகம். இன்னிக்கு நீ போனதுக்கப்பறம் ஆறு தடவை அழுதா. ஆறு தடவையும் எண்ணுனேன். என்ற கை ஒரு தடவைகூட அசையல அம்மிணி! தானா சரியாகுது."

கூடத்தில் நேயா பாயில் உட்கார்ந்து ஒரு மரக்கரண்டியைச் சப்பிக்கொண்டிருந்தாள். புருவத்தில் அந்தக் கோடு. மிதுன் குனிந்து கரண்டியை மெதுவாக வாங்கிக்கொண்டான். "மன்னிச்சுக்க சாமி, அம்மாவுக்குக் காட்டோணும்."

குழந்தையின் உதடு பிதுங்கியது. சிணுங்கல் தொடங்கியது. அழுகையானது. ஏறியது.

சாருமதிக்கு அளவுக் கருவி எதுவும் தேவையில்லை. அந்தச் சுருதி பதினாலு வருடத் தொழில். ஏழாயிரத்துக்கு வந்தது. ஏழாயிரத்து நூறு. நூற்றைம்பது. அங்கே நின்றது.

நின்றதல்ல, நிறுத்தப்பட்டது. நேயா வாயைத் திறந்தபடியே மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கரண்டியில் இல்லை. அப்பனின் இடது கையில் இருந்தது. கை அசையவில்லை. குழந்தை எச்சிலை விழுங்கினாள். பிறகு அழுகை அடியிலிருந்து புதிதாகத் தொடங்கியது. ஏறி வந்தது. அதே இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே, மறுபடி நின்றது.

பட்டை கட்டாமல், இருக்கையில் உட்காராமல், பதினொரு மாதக் குழந்தை அந்தப் புள்ளியைத் தானே கண்டுபிடித்திருந்தாள்.

"பாத்தியா? பாத்தியா?" மிதுன் இடது கையை அவள் முகத்துக்கு முன் நீட்டி, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினான். கண் கலங்கியிருந்தது. "கல்லு மாதிரி இருக்குது பாரு." பிறகு, ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக, குனிந்து மகளை இடது கையில் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

நேயா விறைத்துப் போய், சத்தமே இல்லாமல், அவன் தோளில் இருந்தாள். சாருமதி அருகில் போய் நின்றாள். அவளுடைய இரண்டு கைகளும் குழந்தைக்குக் கீழே, தொடாமல், தாமாக ஏந்திக்கொண்டன.

"இன்னும் நம்பலியா நீ?" மிதுன் சிரித்தான். "செரி, இவளப் புடி. போய் மிக்ஸியப் போடு. அதையும் பாத்துருவோம்."

அவள் மகளை வாங்கிக்கொண்டாள். சமையலறைக்குள் போனாள். மேடைமேல் துருவிய தேங்காய் இருந்தது. மிக்ஸியின் திருகைத் திருப்ப ஒரு நொடி போதும்.

"என்ன அம்மிணி, போடலியா? ரெடியா உக்காந்திருக்கறேன். கைய வெளியதான் வெச்சிருக்கறேன்!"

இடுப்பில் இருந்த குழந்தை அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மிக்ஸியைப் பார்த்தாள். சாருமதி பிளக்கைச் சத்தமில்லாமல் பிடுங்கினாள்.

"வேண்டாங்க மாமா" என்று குரல் கொடுத்தாள். "இன்னிக்குப் பொடியே தொட்டுக்கலாம்."